இத்தாலிச் சம்பளச் சீட்டு: மொத்தம் அதே 1,500 யூரோ, கைக்கு 63 யூரோ குறைவு. ஏன்?

கொக்குவில்_மாமரம்:

வணக்கம். கணவர் இத்தாலியில், பலெர்மோவில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை. முழுநேரம், காலவரையறை இல்லாத ஒப்பந்தம். 2024 ஒக்டோபர் பூஸ்தா பாகாவையும் (சம்பளச் சீட்டு) 2025 ஒக்டோபர் பூஸ்தா பாகாவையும் வாட்ஸப்பில அனுப்பியிருக்கிறார். ரெண்டிலயும் மொத்தம் 1.500,00. ஆனால் கைக்கு வந்தது போன வருசம் 1.369,00, இந்த வருசம் 1.306,00. கடைக்காரர் 63 யூரோ வெட்டுறாரோ எண்டு அவருக்குச் சந்தேகம். மொழி வடிவாத் தெரியாததால கேட்கவும் தயங்குறார்.

இந்த ஒக்டோபர் சீட்டில உள்ளபடி:

பாகா பாசே, கொந்திஞ்சென்சா, சுப்பர்மினிமோ மூண்டும் சேர்த்து 1.500,00
இன்ப்ஸ் 9,19% – 137,85
ஃபிஸ் 0,26667% – 4,00
இம்போனீபிலே இர்பெஃப் 1.358,15
இர்பெஃப் லோர்தா 312,37
தெத்ராட்சியோனி லவோரோ 232,08
சொம்மா எல். 207/24 – 65,19
அதிட்சியோனாலே ரெஜியொனாலே 20,13
அதிட்சியோனாலே கொமுனாலே (ரெண்டு வரி சேர்த்து) 16,50
அரொத்தொந்தமெந்தோ 0,42
நெத்தோ 1.306,00

இன்னும் நாலு கேள்வி. ஒரு இடத்தில நாள் 26 எண்டும் இன்னொரு இடத்தில 31 எண்டும் இருக்கு, எது சரி? போன வருசச் சீட்டில பாகா பாசே குறைவாயும் சுப்பர்மினிமோ கூடவாயும் இருக்கு, இந்த வருசம் மாறியிருக்கு, கூட்டுத்தொகை மட்டும் அதே 1.500. அடியில டி.எப்.ஆர் எண்டு ஒரு பெட்டி இருக்கு, அது எங்கட ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) மாதிரியோ? என்னையும் 6 வயது மகளையும் கூப்பிட விண்ணப்பம் போடப் போறார், அதுக்குச் சீட்டில எந்தத் தொகையைப் பார்ப்பினம்?

பனங்கூடல்:

முதலில் புள்ளியும் கமாவும். இத்தாலியில் ஆயிரத்துக்குப் புள்ளி, சதத்துக்குக் கமா. 1.358,15 என்றால் எங்கள் எழுத்தில் 1,358.15. இதை மாற்றி வாசித்து ஒரு யூரோ சொச்சம் என்று குழம்பினவர்களும் உண்டு. இனி நான் எங்கள் முறையிலேயே எழுதுகிறேன்.

நீங்கள் தந்த எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். இந்த வருசச் சீட்டில் ஒரு சதம்கூடப் பிழையில்லை. கடைக்காரர் வெட்டவில்லை. கணக்கு இப்படிப் போகிறது:

1,500 இல் 9.19 வீதம் 137.85. இது ஓய்வூதியத்துக்காக இன்ப்ஸ் நிறுவனத்துக்குப் போகும் தொழிலாளி பங்கு. அடுத்த 4.00 ஃபிஸ் நிதிக்கு. வேலை தற்காலிகமாக நின்றால் சம்பளத்தின் ஒரு பகுதியைத் தரும் நிதி அது. 5 பேருக்கு மேல் வேலை செய்யும் கடைக்கு மொத்தம் 0.80 வீதம், அதில் மூன்றில் ஒரு பங்கு தொழிலாளியுடையது, அதனால்தான் 0.26667 என்ற விசித்திரமான எண். இரண்டையும் கழித்தால் 1,358.15. வருமான வரி இந்தத் தொகைக்குத்தான், 1,500 க்கு அல்ல. 2025 இல் வருடம் 28,000 யூரோ வரைக்கும் 23 வீதம். 1,358.15 இல் 23 வீதம் 312.37. இதுதான் இர்பெஃப் லோர்தா, கழிவுகளுக்கு முந்திய வரி.

அதிலிருந்து சம்பளக்காரருக்கான வரிக்கழிவு 232.08 குறைகிறது. இந்தத் தொகை எப்படி வந்தது என்று பார்த்தால் மற்றதெல்லாம் விளங்கும். பலெர்மோவில் அவருக்கு 14 சம்பளம் (உணவக ஒப்பந்தத்தில் 13 ஆவது டிசெம்பரில், 14 ஆவது ஜூலையில்). 1,500 × 14 = 21,000. இன்ப்ஸும் ஃபிஸும் கழிய ஏறக்குறைய 19,014. வருமானம் 15,000 க்கும் 28,000 க்கும் இடையில் இருந்தால் கழிவு = 1,910 + 1,190 × (28,000 – வருமானம்) ÷ 13,000. போட்டுப் பாருங்கோ: 1,910 + 822.55 = 2,732.55. அதை 365 ஆல் பிரித்து 31 ஆல் பெருக்கினால் 232.08. உங்கள் 31 இங்கேதான் வருகிறது. வரிக்கழிவு நாட்காட்டி நாளுக்கு, ஞாயிறும் சேர்த்து. 26 என்பது இன்ப்ஸ் நாள், முழு மாத வேலைக்கு வழக்கமாக எடுக்கும் எண். இரண்டும் சரி. 30 நாள் மாதத்தில் கழிவு 224.59 ஆகக் குறைந்து நெத்தோவும் ஏழெட்டு யூரோ இறங்கும், பயப்பட வேண்டாம்.

312.37 – 232.08 = 80.29. உண்மையில் கட்டிய வரி அவ்வளவுதான். அடுத்து 65.19 கழிவல்ல, வரவு. 207/2024 சட்டம் 2025 இலிருந்து கொண்டுவந்த தொகை. வருட வருமானம் 15,000 க்கும் 20,000 க்கும் இடையில் என்றால் 4.8 வீதம், 8,500 க்கும் 15,000 க்கும் இடையில் 5.3, அதற்குக் கீழே 7.1. 1,358.15 இல் 4.8 வீதம் 65.19.

அதிட்சியோனாலே இரண்டும் மாகாணத்துக்கும் நகரசபைக்கும் போகும் வரி. பலரைக் குழப்புவது இதுதான்: இது இந்த வருசத்து வரி அல்ல, போன வருச வருமானத்துக்கு. ஜனவரி முதல் நவம்பர் வரை 11 தவணையாக வெட்டுவார்கள். நகரசபைக்கு இரண்டு வரி இருப்பதற்குக் காரணம், சால்தோ என்பது போன வருசத்து மீதி, அக்கோந்தோ என்பது இந்த வருசத்துக்கான 30 வீத முற்பணம், அது மார்ச் முதல் நவம்பர் வரை 9 தவணை. டிசெம்பரில் இவை எதுவும் இராது. வேலையை விட்டால் மிச்சத் தவணைகள் எல்லாம் கடைசிச் சீட்டில் ஒரே அடியாக வெட்டப்படும்.

1,500 – 141.85 – 80.29 + 65.19 – 20.13 – 16.50 = 1,306.42. அந்த 42 சதம் அடுத்த மாதத்துக்குப் போகிறது.

இனி உங்கள் 63 யூரோ. 2024 ஒக்டோபர் சீட்டில் 'தெத்ர. கோன்யூஜே' என்றொரு வரி, 57.50 என்று இருக்க வேண்டும். பாருங்கோ. வருமானமில்லாத மனைவிக்கான வரிக்கழிவு, வருடம் 690, மாதம் 57.50. அதே 207/2024 சட்டம் 2025 ஜனவரி 1 முதல் அதை நிறுத்திவிட்டது: இத்தாலியக் குடியுரிமையோ ஐரோப்பிய ஒன்றிய அல்லது ஐரோப்பியப் பொருளாதார வலய நாட்டுக் குடியுரிமையோ இல்லாதவருக்கு, வெளிநாட்டில் வசிக்கும் குடும்பத்தவர் பேரில் வரிக்கழிவு கிடையாது. நீங்கள் கொக்குவிலில் இருப்பதால் அது போயிற்று. எங்கள் ஆட்களில் ஆயிரக்கணக்கான வீடுகளைத் தொட்ட மாற்றம் இது, ஆனால் சீட்டில் ஒரு வரி சத்தமில்லாமல் மறைவதோடு முடிந்துவிட்டது. இதை எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும்.

மிச்சம் ஐந்தரை யூரோ: 2024 இல் மாதச் சம்பளம் 1,923 வரை உள்ளவர்களுக்கு இன்ப்ஸில் 7 வீதத் தள்ளுபடி இருந்தது. 1,500 க்கு 105. அது 2024 டிசெம்பருடன் முடிந்தது. அதன் இடத்துக்கு வந்ததுதான் மேலே சொன்ன 4.8 வீதம். தள்ளுபடி பெரிதாகத் தெரிந்தாலும் அந்த 105 க்கும் வரி இருந்தது, வருமானம் கூடியதால் வரிக்கழிவும் குறைந்தது, புதுத் தொகைக்கு வரி இல்லை. அதனால் உண்மையான இழப்பு மாதம் ஐந்தாறு யூரோதான்.

சுப்பர்மினிமோ (ஒப்பந்த அடிப்படைக்கு மேல் முதலாளி தனியாகத் தரும் தொகை) பற்றி: உணவகத் துறையின் கூட்டு ஒப்பந்தம் 2024 ஜூனில் புதுப்பிக்கப்பட்டு அடிப்படைச் சம்பளம் கட்டம் கட்டமாகக் கூடுகிறது. அவருடைய சுப்பர்மினிமோவுக்குப் பக்கத்தில் 'அசோர்பீபிலே' (உள்வாங்கக்கூடியது) என்று இருந்தால், அடிப்படை கூடக் கூட அது கரையும், மொத்தம் மாறாது. சட்டப்படி செய்யலாம். ஆனால் வேலைக் கடிதத்தில் 'நோன் அசோர்பீபிலே' என்று எழுதியிருந்தால் கரைக்க முடியாது, இரண்டு வருச உயர்வும் கேட்டு வாங்கலாம். அவரிடம் அந்தக் கடிதத்தை எடுக்கச் சொல்லுங்கோ. 63 யூரோவை விட அது பெரிய கேள்வி.

வல்வைக்காற்று:

டி.எப்.ஆர் ஈ.பி.எப் மாதிரியா என்ற கேள்விக்கு. இல்லை தங்கச்சி, ஈ.பி.எப்பை விட எங்கட பணிக்கொடைக்குக் கிட்ட.

ஈ.பி.எப் இல் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம், அதோட ஈ.ரி.எப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். காசு உங்கட பேரில கணக்கில நிற்கும், ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில மொத்தமா எடுக்கலாம். இத்தாலியில இது ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. 

டி.எப்.ஆர் எண்டது வேலை முடியேக்க முதலாளி தாற காசு, வருடச் சம்பளத்தை 13.5 ஆல் பிரிச்சு வாறது, அதில இன்ப்ஸுக்காக 0.5 வீதம் கழியும். உங்கட கணக்குக்கு 21,000 ÷ 13.5 = 1,555.56, அதில 105 போக 1,450.56 வருடத்துக்குச் சேரும். சம்பளத்தில இருந்து வெட்டுறதில்லை, அதால நெத்தோவில தெரியாது. டிசெம்பர் 31 இல பழைய இருப்புக்கு 1.5 வீதமும் விலைவாசி உயர்வின் முக்கால் பங்கும் கூட்டுவினம். வேலையை விட்டால், விலக்கினால், கடை மாறினால் எந்தக் காரணமெண்டாலும் அது அவருக்கு வரும். தனியான வரி முறை, 23 வீதத்துக்குக் குறையாது. ஒரே முதலாளியிட்ட 8 வருசம் முடிஞ்சால் வைத்தியச் செலவுக்கோ முதல் வீடு வாங்கவோ 70 வீதம் வரை முன்கூட்டிக் கேட்கலாம். கடை முறிஞ்சு மூடினால் இன்ப்ஸில உள்ள உத்தரவாத நிதி டி.எப்.ஆரையும் கடைசி மூண்டு மாதச் சம்பளத்தையும் குடுக்கும், ஆனால் சீட்டும் ஒப்பந்தமும் கையில இருக்க வேணும். ஒரு சீட்டையும் எறியாதேங்கோ.

இன்ப்ஸ் 9.19 வீதம் வேற. அது ஓய்வூதியம், கணக்கில உள்ள காசு மாதிரி எடுக்க ஏலாது. 'ஊருக்கு வந்திட்டால் கட்டின இன்ப்ஸ் திரும்ப வரும்' எண்டு இன்னும் சொல்லிக்கொண்டு திரியினம். 2002 இலயே அந்த வழி அடைபட்டுப் போச்சு. இலங்கைக்கும் இத்தாலிக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தமும் இல்லை. ஆனால் நிரந்தரமாத் திரும்பி வந்த வெளிநாட்டுத் தொழிலாளிக்கு ஒரு சலுகை இருக்கு: 1996 க்குப் பிறகு கட்டத் தொடங்கினவர் எண்டால், 20 வருசம் நிரம்பாட்டிலும் 67 வயதில கட்டினதுக்கேற்ற ஓய்வூதியம் கேட்கலாம். யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டே வாங்கலாம். அதுக்கு ஆதாரம் இந்தச் சீட்டுகளும் இன்ப்ஸ் கணக்கறிக்கையும்தான்.

கிணற்றடி:

மேலே வந்த கணக்கு சரி. ஆனால் கணக்குச் சரியாக இருப்பதும் சீட்டு உண்மையாக இருப்பதும் ஒன்றல்ல. கூட்டிக் கழித்தால் சதம் பிசகாத சீட்டில்தான் பெரிய களவு ஒளிந்திருக்கும், ஏனென்றால் களவு நடப்பது கீழே உள்ள கணக்கில் அல்ல, மேலே போட்ட மணித்தியாலத்தில். அக்கா, அவரிடம் இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கோ.

தலைப்பில் பார்ட்-டைம் வீதம் எழுதியிருக்கிறதா? 50 வீதம் என்று எழுதி, முழுநேரம் வேலை வாங்கி, மீதியை உறையில் வைத்துக் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. 2018 ஜூலை 1 முதல் சம்பளத்தைக் கையில் காசாகக் கொடுப்பது சட்டவிரோதம், வங்கி வழியாகத்தான் வர வேண்டும் (வீட்டு வேலைக்கு விலக்கு உண்டு). சீட்டில் கையெழுத்துப் போட்டது காசு வாங்கியதற்கு ஆதாரமாகாது. 'பெர் ரிச்செவூத்தா' என்றால் தாளைப் பெற்றேன் என்று மட்டும். 'பெர் க்வியெத்தான்ட்ஸா' என்றால் காசு கைக்கு வந்தது என்று நீங்களே எழுதிக் கொடுப்பது போல, காசு வராமல் அதில் போடக் கூடாது. உறைக் காசுக்கு இன்ப்ஸ் இல்லை, டி.எப்.ஆர் இல்லை, சுகவீனக் கொடுப்பனவு இல்லை, குடும்பத்தைக் கூப்பிடும் வருமானத்திலும் சேராது. இன்னொன்று பலர் அறியாதது: 2025 இல் ஒரு வாரம் ஓய்வூதியத்துக்கு முழு வாரமாக எண்ணப்பட வேண்டுமென்றால் அந்த வாரச் சம்பளம் 241.36 யூரோவாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் 52 வாரம் வேலை செய்தும் கணக்கில் முப்பதோ நாற்பதோதான் ஏறும்.

இரண்டாவது, 'த்ராஸ்ஃபெர்த்தா இத்தாலியா' என்ற வரி. வெளியூர் வேலைக்குப் போனவருக்குக் கொடுக்கும் படி அது, நாளுக்கு 46.48 யூரோ வரை இன்ப்ஸும் வரியும் இல்லை. ஒரே குசினியை விட்டு அசையாதவருக்கு அந்த வரி வந்தால், அவருடைய மேலதிக நேரத்தை அந்தப் பெயரில் போடுகிறார்கள். கையில் கூடத் தெரியும், ஓய்வூதியத்தில் காணாது. மேலதிக நேரத்துக்கு உரிய பெயர் ஸ்த்ராஓர்தினாரியோ. உணவக ஒப்பந்தத்தில் மாதச் சம்பளத்தை 172 ஆல் பிரிப்பது மணித்தியாலக் கூலி: 1,500 ÷ 172 = 8.72. பகல் மேலதிகத்துக்கு 30 வீதம் கூட்டி 11.34. சீட்டில் மணித்தியாலத்துக்கு 8.72 என்றே போட்டிருந்தால் கூட்டு விடுபட்டிருக்கிறது.

மூன்றாவது லீவுப் பெட்டி. நான்கு எண் இருக்கும்: ஏ.பி. (போன வருச மீதி), மத்துராத்தே (சேர்ந்தது), கொதூத்தே (எடுத்தது), ரெசீதுவோ (மீதி). வருடம் 26 நாள் என்றால் மாதம் 2.17 நாள் சேரும். ஒக்டோபர் முடிவில் 21.67 சேர்ந்திருக்க வேண்டும். அவர் வேலைக்குப் போன நாளை லீவு எடுத்ததாகக் காட்டிக் குறைத்திருக்கிறார்களா என்று கைத்தொலைபேசியில் எடுத்த வேலை அட்டவணைப் படத்தோடு ஒப்பிடுங்கோ. வேலையில் இருக்கும்வரை நான்கு கிழமைச் சட்டலீவைக் காசாக்க முடியாது, வேலையை விடும்போதுதான் காசாகும். பெர்மெஸ்ஸி என்ற பக்கத்துப் பெட்டி மணித்தியாலக் கணக்கில் எடுக்கும் லீவு. விசாப் பத்திரத்தையும் பெர்மெஸ்ஸோ என்கிறதால் சிலர் மாறி விளங்குகிறார்கள்.

கோதிச்சே ஃபிஸ்காலேயையும் (தனிப்பட்ட வரி இலக்கம்) ஒருமுறை பாருங்கோ. 16 எழுத்தும் எண்ணும். இலங்கையில் பிறந்த எல்லாருக்கும் 12 ஆவது இடத்தில் 'இசட்', அடுத்து 209. முதல் மூன்று எழுத்து குடும்பப் பெயரிலிருந்து, அடுத்த மூன்று சொந்தப் பெயரிலிருந்து. எங்கள் பாஸ்போட்டில் தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறி இருப்பதால், ஒரு கடையில் ஒரு விதமாகவும் இன்னொரு கடையில் மறுவிதமாகவும் பதிந்து, ஒருவருக்கே இரண்டு கோட் உருவாகி, பல வருச இன்ப்ஸ் வேறு கணக்கில் கிடக்கும். இன்ப்ஸ் தளத்தில் ஸ்பித் (அரச தளங்களுக்கான டிஜிட்டல் அடையாளம்) வழியாக உள்ளே போய் 'எஸ்த்ராத்தோ கோந்தோ' (கணக்கறிக்கை) எடுத்தால் தெரியும். சீட்டில் வெட்டிய காசு அங்கே ஏறவில்லை என்றால் ஐந்து வருசத்துக்குள் முறையிட வேண்டும், அதற்குப் பிறகு காலாவதி. பத்ரொனாத்தோ என்ற தொழிலாளர் உதவி அலுவலகத்தில் இந்த உதவி இலவசம்.

சுன்னாகம்_சந்தி:

இடையில கேட்கிறதுக்குக் குறை நினைக்காதேங்கோ. எங்கட சின்னம்மா பலெர்மோவில ஒரு வயோதிப அம்மாவைப் பார்க்கிறா, அந்த வீட்டிலயே தங்கல். அவவின்ர சீட்டில இர்பெஃப் எண்ட வரியே இல்லை, அதிட்சியோனாலேயும் இல்லை, 207 எண்டதும் இல்லை. வரி வெட்டாமல் விட்டுட்டினமோ? பிறகு பிரச்சினை வருமோ?

பனங்கூடல்:

வெட்டாமல் விடவில்லை, வெட்டக் கூடாது. கடை, கம்பனி போன்றவை தொழிலாளிக்காக வரியை வெட்டிக் கட்டும் பொறுப்புள்ளவை. ஒரு குடும்பம் முதலாளியாக இருந்தால் அந்தப் பொறுப்பு இல்லை. அதனால் வீட்டு வேலைச் சீட்டில் இன்ப்ஸின் தொழிலாளி பங்கும், மணித்தியாலத்துக்கு 2 சதம் காசா கோல்ஃப் என்ற நிதிப் பங்கும் மட்டும்தான் கழியும். இன்ப்ஸை வீட்டுக்காரர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டுவார்: ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர், ஜனவரி, ஒவ்வொன்றிலும் 10 ஆம் திகதிக்குள். அந்த ரசீதின் பிரதியைச் சின்னம்மா வாங்கி வைக்க வேண்டும். 13 ஆவது சம்பளம் உண்டு, 14 இல்லை. 

பிரச்சினை வருவது இதற்குப் பிறகு. வரி வெட்டவில்லை என்பது வரி இல்லை என்பதல்ல. வருடம் 8,500 யூரோவுக்குக் கீழே என்றால் வரி பூச்சியம். அதற்கு மேலே போனால் அவ தானே 730 படிவம் (வருட வருமான வரி அறிக்கை) நிரப்ப வேண்டும், செப்டெம்பர் 30 கடைசி நாள். சம்பளம் எவ்வளவு கொடுத்தோம் என்று வீட்டுக்காரர் ஒரு தாள் தர வேண்டும், அதைக் கொண்டு காஃப் என்ற வரி உதவி அலுவலகத்துக்குப் போனால் போதும். பயந்துகொண்டு போகாமல் இருப்பவர்கள் தங்கள் காசையே இழக்கிறார்கள்: வருமானம் 8,500 க்கும் 15,000 க்கும் இடையில் என்றால் வருடம் 1,200 யூரோ வரை த்ரத்தமெந்தோ இந்தெக்ராத்தீவோ என்ற கொடுப்பனவு உண்டு, வீட்டு வேலைக்காரருக்கு அது 730 போட்டால்தான் வரும். பல வருசம் போடாமல் விட்டால் பிறகு தண்டத்தோடு கடிதம் வரும், பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கும்போதும் வருமானம் காட்ட வழியிராது.

வல்வைக்காற்று:

குடும்பத்தைக் கூப்பிடுறதுக்கு எந்தத் தொகை எண்டு கேட்டது விடுபட்டுப் போச்சு. மாதச் சீட்டின் நெத்தோவைப் பார்க்கிறதில்லை. மார்ச் 16 க்குள்ள முதலாளி தாற சி.யு. எண்ட வருடப் பத்திரத்தின் முதலாவது பெட்டி, அதாவது இன்ப்ஸ் கழிஞ்சு வரி கழியாத தொகை. மாதச் சீட்டில அது அடியில உள்ள 'ப்ரொக்ரெஸ்ஸீவி' வரிசையில ஏறிக்கொண்டு வரும்.

2025 கணக்குக்கு அடிப்படை அசேஞ்ஞோ சொச்சாலே (வருமானம் குறைஞ்ச முதியோருக்கு அரசு தாற கொடுப்பனவு) வருடம் 7,002.97. வாற ஒவ்வொருத்தருக்கும் அதன் அரைவாசி கூட்ட வேணும். நீங்களும் மகளும் எண்டால் ரெட்டிப்பு, 14,005.94. உங்கட கணவருக்கு 19,014 வரப்போகுது, வருமானத்தில தடையில்லை. விண்ணப்பத்தோட கடைசிச் சீட்டுகளும் கேட்பினம், அதில வேலை தொடங்கின திகதியும் ஒப்பந்த வகையும் ஊனிலாவ் பத்திரத்தோட (வேலைக்கு எடுத்ததை முதலாளி அரசுக்கு அறிவிச்சது) ஒத்துப்போக வேணும். வீட்டுத் தகுதிச் சான்றிதழ் வேற அலுவல், அதுக்குத்தான் நாள் எடுக்கும், இப்பவே தொடங்கச் சொல்லுங்கோ.

நீங்கள் போய்ப் பதிவு செய்து பலெர்மோவில வசிக்கத் தொடங்கினால், உங்கட வருமானம் வருடம் 2,840.51 க்குக் கீழ எண்டால், அந்த 57.50 திரும்ப வரும். தானா வராது, தெத்ராட்சியோனி (வரிக்கழிவு) படிவத்தை நிரப்பி அவர் கடையில குடுக்க வேணும். மகளுக்கு சீட்டில எதுவும் வராது. 2022 மார்ச்சிலயிருந்து 21 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கான காசு அசேஞ்ஞோ ஊனிக்கோ எண்ட பேரில இன்ப்ஸே நேராக் கணக்கில போடுது.

கொக்குவில்_மாமரம்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. 2024 ஒக்டோபரில 'தெத்ர. கோன்யூஜே 57,50' இருக்கு. இவ்வளவு நாளும் கடைக்காரரைத்தான் குறை நினைச்சம். பழைய சீட்டு எல்லாத்தையும் எடுத்துப் பார்த்தன். 2025 ஜனவரியிலயும் பெப்ரவரியிலயும் அதே 57,50 நிற்குது, மார்ச்சிலயிருந்துதான் இல்லை. சட்டம் ஜனவரி 1 எண்டால் அந்த ரெண்டு மாதமும் என்ன செய்யிறது?

பனங்கூடல்:

நல்ல வேளை பார்த்தீங்கள். இரண்டு மாதமும் பிழையாகக் கொடுக்கப்பட்டது, மொத்தம் 115 யூரோ, திரும்பிப் போகும். மார்ச் சீட்டில் 'ரெக்குப்பெரோ' (திருப்பி எடுத்தது) என்று ஏதாவது வரி இருக்கிறதா பாருங்கோ. இருந்தால் அலுவல் முடிந்தது. இல்லையென்றால் டிசெம்பரில் கொங்க்வால்யோ என்ற வரியில் வெட்டுவார்கள். அது வருட வரியை முழுதாகத் திருப்பிக் கணக்குப் பார்ப்பது.

டிசெம்பரில் இன்னும் இரண்டு விசயம் ஒன்றாக வரும், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். 13 ஆவது சம்பளத்துக்கு வரிக்கழிவு கிடையாது, ஏனென்றால் 365 நாளுக்கும் கழிவு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. அதனால் 1,358.15 இல் 23 வீதமும் முழுதாகப் போய் 1,045.78 தான் மிஞ்சும், அதற்கு மேல் 4.8 வீதத் தொகை. 1,306 வரும் என்று எதிர்பார்த்து யாருக்கும் காசு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மற்றது, ஓகஸ்ட், நத்தார் மேலதிக நேரம் சேர்ந்து வருட வருமானம் 20,000 தாண்டினால் ஜனவரியிலிருந்து கொடுத்த 4.8 வீதம் முழுவதையும் திரும்பக் கேட்பார்கள். 60 யூரோவுக்கு மேல் என்றால் 10 தவணை. சீட்டில் அந்தக் கழிவைக் கண்டு பதற வேண்டாம். 20,000 தாண்டினவருக்கு அதன் இடத்தில் வருடம் 1,000 யூரோ வரிக்கழிவு வரும், அது 32,000 வரை முழுதாக உண்டு. அவருக்கு அது 913 ஐ விடக் கூட. ஆனால் அந்த 1,000 டிசெம்பர் சீட்டில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கோ: 'உல்தெரியோரே தெத்ராட்சியோனே' என்று எழுதியிருக்கும். திருப்பி எடுத்ததைப் போட்டு, கொடுக்க வேண்டியதைப் போடாமல் விட்டிருந்தால் சீட்டுத் தயாரிக்கும் கொன்சுலெந்தேயிடம் காட்டித் திருத்தச் சொல்லலாம், இல்லையென்றால் அடுத்த 730 இல் வாங்கலாம். டிசெம்பர் சீட்டு வந்ததும் எண்களை இங்கே போடுங்கோ.